ஐந்தாண்டுக்கு முந்தையவை

வைரவன் நாற்காலியில் உட்காரவில்லை.

பதிவு அட்டையை மேசைமேல் வைத்தார். பிறகு அதை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் படிக்கும்படி திருப்பி வைத்தார். பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை. பதினோரு வருடம் ஆகியும் ஓரம் மடங்கவில்லை.

அவன் அதிலிருந்த எண்ணைப் படித்தான். படித்ததுமே தெரிந்துவிட்டது.

அந்த வரிசை எண்கள் எதுவும் இப்போது கணினியில் இல்லை.

மருத்துவமனையின் கணினித் துறைக்கு அவன்தான் தலைவன். கீழே பதிவுப் பிரிவில் இரண்டு நாள் தேடிவிட்டு, மூன்றாம் மாடிக்குப் போய்க் கேளுங்கள் என்று அனுப்பியிருக்கிறார்கள்.

வைரவன் நின்றபடியே சொன்னார். ஊர் அறந்தாங்கிப் பக்கம். மனைவி வள்ளியம்மைக்கு இடது மார்பில் புற்று. இங்கேதான் அறுத்து எடுத்தார்கள். இங்கேதான் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அவர் பேச்சில் அது கரண்டு வைப்பது. மூன்று வருடம் தவறாமல் வந்து காட்டினார்கள். நன்றாகிவிட்டது, இனி வர வேண்டாம் என்று இங்கேதான் சொன்னார்கள்.

இப்போது அதே இடத்தில் மறுபடி வந்திருக்கிறது.

மருந்து ஏற்றினால் உடம்பு தாங்காது. கரண்டு வைத்துப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர் நசீமா. ஆனால் அன்றைக்கு எவ்வளவு கொடுத்தார்கள், எந்த இடத்தில் என்று தெரிய வேண்டும். பின்னால் இதயம் இருக்கிறது. தெரியாமல் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று அவன் கேட்டான்.

"பழைய ஃபைலெல்லாம் இங்கயே வாங்கிக்கிட்டாங்க சார். இந்த அட்டை போதும், எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சுன்னாங்க."

ஏற்றியிருந்தார்கள். அது உண்மை.

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு வியாழக்கிழமை.

வரும் ஆண்டுகளுக்கான கணினித் திட்டத்தை நிர்வாகக் குழு கேட்டிருந்தது. புதிய மென்பொருள், புதிய சர்வர், எல்லாக் கிளைகளும் ஒரே வலையில். பழைய பதிவுகள் முழுவதையும் மாற்றினால் ஒரு வருடம் தள்ளிப்போகும். அவன் ஒரு வழி சொன்னான். கடைசி ஐந்து வருடத்தில் வந்துபோனவர்கள் மட்டும் போதும்.

கதிர்வீச்சுப் பிரிவின் நாச்சியப்பன் கையைத் தூக்கினார். எங்கள் பிரிவுக்கு அது ஒத்துவராது என்றார்.

ஐந்து வருடம் கழித்துத் திரும்பி வருகிறவர்கள் எத்தனை பேர் என்று அவன் திரையில் காட்டினான். நூற்றில் ஒருவர்கூட இல்லை.

அழகாகப் பேசினான். அன்று தன் குரல் தனக்கே பிடித்திருந்தது.

நாச்சியப்பன் கையை இறக்கிக்கொண்டார்.

இப்போது வைரவனை வற்புறுத்தி உட்கார வைத்துவிட்டு, அவன் தேட ஆரம்பித்தான்.

பழைய கணினி வட்டுகளை அரைத்து அழித்ததற்கான சான்றிதழ் கோப்பில் இருந்தது. நோயாளிகளின் தகவல் வெளியே போய்விடக் கூடாதென்று அவனே பக்கத்தில் நின்று அரைக்க வைத்தான். பழைய மென்பொருள் கம்பெனிக்காரர் தொழிலை மூடிவிட்டிருந்தார். பிரதி வைத்துக்கொள்ள ஒப்பந்தத்தில் இடமில்லையே சார் என்றார் போனில். கதிர்வீச்சு இயந்திரத்தையும் போன வருடம் மாற்றியாகிவிட்டது.

நாச்சியப்பன் ஓய்வுபெற்றுக் காரைக்குடியில் இருந்தார். வள்ளியம்மையின் பெயரையும் தேதியையும் அவன் போனில் சொன்னான்.

"அந்த வருஷம் மட்டும் அறுநூறு பேர் இருக்கும் தம்பி. எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?"

அந்த வியாழக்கிழமையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசியிருக்கலாம்.

டாக்டர் நசீமாவைப் போனில் கூப்பிட்டு, வழக்கமான அளவுதானே கொடுத்திருப்பார்கள் என்று கேட்டுப் பார்த்தான். இருக்கலாம் என்றார் அவர். இருக்கலாம் என்பதை நம்பி இதயத்துக்கு முன்னால் கொடுக்க முடியாது.

அப்படியானால்?

வலி தெரியாமல் பார்த்துக்கொள்வோம் என்றார்.

அவன் போனை வைத்தான். பதிவு கிடைக்காது என்பதை வைரவனிடம் சொன்னான். அவருக்குப் புரியவில்லை.

"கூட்டம் கொறைஞ்சதும் சாயந்தரமாப் பாத்தா வருமா சார்?"

"வராதுங்க. அழிச்சிட்டோம்."

"யாரு?"

"நான்தான்."

வைரவன் அவனையே பார்த்தார். திட்டுவார் என்று அவன் காத்திருந்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"வெளிய உக்காந்திருக்கா. தேடிக்கிட்டிருக்கோம்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லிருங்க. நான் சொன்னா நம்பமாட்டா."

இருவரும் வெளியே வந்தார்கள்.

நடைபாதை பெஞ்சில் வள்ளியம்மை சுவரில் சாய்ந்திருந்தாள். அவனைக் கண்டதும் எழப் பார்த்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டினான். வைரவன் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

தேடிக்கொண்டிருக்கிறோம் என்று அவன் சொன்னான்.

அவள் தலையாட்டினாள். ஏதோ யோசித்தாள். முகம் கொஞ்சம் தெளிந்தது.

"ஆதார்லதான் தம்பி வள்ளியம்மை. அப்ப இவரு வீட்டுல கூப்பிடுற பேரைக் குடுத்திருப்பாரு. வள்ளிக்கண்ணு. அந்தப் பேர்ல போட்டுப் பாருங்க."

அவன் பேனாவை எடுத்தான். பையில் தாள் இல்லை. உள்ளங்கையில் எழுதினான்.

அவள் கழுத்தை நீட்டி, சரியாக எழுதுகிறானா என்று பார்த்தாள்.

"தமிழ்ல எழுதுறீங்களே. கம்ப்யூட்டர் எடுத்துக்குமா?"

"எடுத்துக்கும்மா" என்றான்.