மருமகள் செய்த வாட்ச்

மருமகள் வாட்சை ஜன்னல் வெயிலில் பிடித்துக் கடைசியாக ஒருமுறை பார்க்கிறாள். தைலப் புட்டியின் தகர மூடி, கனத்துக்காக உள்ளே ஓர் இரும்பு நட்டு, பழைய கைப்பையிலிருந்து வெட்டியெடுத்த தோல்வார், சாவி கொடுக்கும் குமிழுக்குப் பதில் ஓரத்தில் ஒரு சின்ன பாசிமணி. பார்வை போன மாமனாருக்குத் தங்கத்தாள் எதற்கு? இருந்தும் சுருக்கம் விழாமல் நகத்தால் நீவி ஒட்டியிருக்கிறாள். அவர் உயிராக வைத்திருந்த வாட்சைக் கேட்காமல் கட்டிக்கொண்டு போன கணவன், பஸ்ஸில் தொலைத்துவிட்டு வந்து, ரிப்பேருக்குக் கொடுத்திருப்பதாக அப்பாவிடம் புளுகிவிட்டு, அன்றிலிருந்து அவர் காதில் விழாமல் அடிமேல் அடிவைத்து நடமாடுகிறான்.

“வாட்ச் வந்துடுச்சு மாமா.”

கட்டிலில் சாய்ந்திருப்பவர் கையை நீட்டுகிறார். அவள் வாரை மாட்டிவிடுகிறாள். அவருடைய கட்டைவிரல் விளிம்பைச் சுற்றி மெல்ல ஊர்ந்து குமிழில் வந்து நிற்கிறது. திருகுகிறார். பசையில் இறுகிய மணி அசையவில்லை. மணிக்கட்டைக் காதருகே கொண்டுபோகிறார். மின்விசிறியின் கிறீச்சைத் தவிர அறையில் வேறு சத்தமில்லை.

“யாரும்மா செஞ்சது?” குரல் தணிந்து வருகிறது.

“நான்தான் மாமா.”

அவர் அவள் முகத்தைத் தேடுவதுபோல வெறித்துக்கொண்டிருக்கிறார். வாசலில் கணவனின் செருப்புச் சத்தம் கேட்கிறது. அறைக்கு வெளியே தயங்கி நின்றுவிடுகிறது. மாமனார் சட்டைக் கையை வாட்சின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு குரலை உயர்த்துகிறார்.

“டேய், ரிப்பேர்காரன் நல்லாத்தான் பண்ணியிருக்கான். இனிமே வீட்டுக்குள்ள பூனை மாதிரி நடக்காம, காலை நல்லா ஊனி நட.”