நண்டு போட்ட வெள்ளக் கணக்கு

ஆற்றங்கரை ஈரமணலில் கட்டம் கட்டமாகக் கோடு கிழித்து, எந்தக் கட்டத்தில் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடும் என்று கணக்குப் போடுவதுதான் நண்டின் வேலை. அதைக் கேட்காமல் அந்தக் கரையில் யாரும் வளை தோண்டியதில்லை.

மேற்கே இடி இடித்த அன்று, முட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு எறும்பு ஓடி வந்தது.

"அண்ணே, என் புற்றுக்கு வெள்ளம் வருமா? பிள்ளைகளை மேட்டுக்குக் கொண்டு போயிடட்டுமா?"

"அவசரப்படாதே தாயி. முதல்ல கணக்கு சொல்லட்டும்" என்றது நண்டு.

கணக்கு அடங்குவதாயில்லை. ஒரு கட்டத்தில் சுழல் வந்தது, அடுத்ததில் அதைவிடப் பெரிய சுழல் வந்தது, வேகம் தாறுமாறாக எகிறியது. எறும்பு வேறு பார்த்துக்கொண்டே நிற்கிறது, மானம் போகிறதே! கணக்கில் மட்டும் தண்ணீரைக் கொஞ்சம் கெட்டியாக வைத்துக்கொண்டால் என்ன என்று நண்டுக்குத் தோன்றியது. விளக்கெண்ணெய் அளவுக்குக் கெட்டியாக்கியது. சுழல்கள் குறைந்தன. வெல்லப்பாகு அளவுக்குக் கெட்டியாக்கியது. கணக்கு சாதுவாக அடங்கிவிட்டது. அடடா, என்ன அழகான விடை!

"வெள்ளம் உன் புற்றுக்கு வர ஒரு வருஷம் ஆகும். போய் நிம்மதியாத் தூங்கு."

வெள்ளம் அன்று சாயங்காலமே வந்தது. முதலில் கட்டங்கள் அழிந்தன, பிறகு புற்று கரைந்தது. எறும்பு மிஞ்சிய ஒற்றை முட்டையை அணைத்தபடி நண்டின் முதுகில் தொற்றிக்கொண்டு அலறியது.

"என்ன அண்ணே இது! மத்த பிள்ளையெல்லாம் போச்சே!"

நண்டு உருண்டுகொண்டே வெள்ளத்தில் ஒரு வாய் குடித்துப் பார்த்தது.

"கணக்குல தப்பே இல்லை தாயி. எவனோ ஆத்துத் தண்ணியில தண்ணியைக் கலந்துட்டான்!"