மாடியை விட்டு இறங்காதவர்

"சாகறதுன்னு முடிவு பண்ணிட்ட ஆளை நான் எப்படி மேடம் காப்பாத்தறது?"

வாக்கி டாக்கியை மேஜைமேல் பொத்தென்று வைத்துவிட்டுக் கேட்டான் அவன். வகுப்பில் அவனுக்குப் 'புயல்' என்று பேர். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது.

சர்வதேச ஒத்துழைப்பும் இடர் மேலாண்மையும் என்று, பேரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிற முதுகலைப் படிப்பு. இன்று கடைசிச் செய்முறைத் தேர்வு. தேறினால் வெளிநாட்டில் நிவாரண வேலை, அடுத்த வாரமே விமானம். கோட்டை விட்டால் இன்னொரு வருஷம் இதே பெஞ்சுதான். தூக்கம், சினிமா, வீடு எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு இதற்காகத்தான் உழைத்தான்.

தேர்வு இதுதான். ஊரை வெள்ளம் சூழ்ந்துவிட்டது. ஒரு வீட்டு மாடியில் தனியாக ஒரு பெரியவர். படகு வந்து நிற்கிறது, இறங்கமாட்டேன் என்கிறார். பேசியே அவரைப் படகில் ஏற்ற வேண்டும்.

பெரியவராக நடிப்பவர் பக்கத்து அறையில் இருப்பார். முன்பெல்லாம் ஆசிரியர்களே நடித்தார்கள். பசங்க குரலைக் கண்டுபிடித்துச் சிரித்துவிட, இப்போது வெளியிலிருந்து தன்னார்வலர்களைக் கூப்பிடுகிறார்கள். குரலிலும் கரகரப்பைக் கலந்து, ஆளே தெரியாதபடி மாற்றித்தான் அனுப்புகிறார்கள்.

"ஏறுங்க ஏறுங்கன்னு கத்தினே. ஏன் ஏறலைன்னு ஒரு தடவையாவது கேட்டியா?" என்றார் மேடம். "இன்னொரு வாய்ப்பு தர்றேன். இதுதான் கடைசி."

அவன் பெருமூச்சோடு வாக்கி டாக்கியை எடுத்தான்.

"ஐயா, நான் அவசரப்படுத்தலை. மெதுவாப் பேசுவோம். ஏன் வரமாட்டேங்கறீங்க?"

கரகரப்பு. பிறகு அந்தக் குரல்.

"பையன் வருவான் தம்பி. வந்து நான் இல்லேன்னா தேடுவானே?"

"எங்க இருக்கார் உங்க பையன்?"

"வெளியூர்ல. தலைக்கு மேல வேலை அவனுக்கு."

"கடைசியா எப்ப வந்தார்?"

"வருவான் தம்பி. நேரம் கிடைச்சா வருவான்."

அவனுக்குச் சுர்ரென்று ஏறியது. நடிப்பு என்பதே மறந்துபோனது.

"கோவிச்சுக்காதீங்க பெரியவரே. கழுத்துவரைக்கும் தண்ணி வந்தாச்சு. எட்டிக்கூடப் பார்க்காத பிள்ளைக்காகவா உயிரை விடப் போறீங்க? அவனெல்லாம் ஒரு மனுஷனா?"

"அப்படிச் சொல்லாதீங்க தம்பி."

"சொல்லுவேன். என் கையில கிடைச்சா நாலு அறை விட்டிருப்பேன். பெத்தவங்களை விடப் பெரிசா அப்படி என்ன வேலை?"

வெறும் கரகரப்பு மட்டும் கேட்டது. வார்த்தையை விட்டுவிட்டோமோ என்று அவனுக்குப் பயம் வந்துவிட்டது. குரலைத் தணித்துக்கொண்டான்.

"அவர் வர்றப்ப வரட்டும். அதுவரைக்கும் என்கிட்ட பேசுங்க. நான் எங்கேயும் போகலை. சொல்லுங்க, உடம்பு எப்படி இருக்கு?"

அவ்வளவுதான், பெரியவர் மடை திறந்த மாதிரி பேசினார். படி ஏறினால் முட்டி வலிக்கிறது. தனி ஆளுக்குச் சமைக்க அலுப்பாக இருக்கிறது, பாதி நாள் ராத்திரி வெறும் தண்ணீர்தான். கண்ணில் ஆபரேஷன் ஆகி, தனியாகவே ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதையும் சொன்னார்.

"யாரும் கூட வரலையா?"

"எதுக்குத் தம்பி? அவங்கவங்களுக்கு ஆயிரம் வேலை."

அவன் குறுக்கே பேசவில்லை. "ம்... அப்புறம்?" என்றான். "முட்டியை டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று கேட்டான்.

கடைசியில் குரல் சொன்னது: "நீங்க இவ்வளவு நேரம் பேசினதே போதும் தம்பி. படகுல ஏறிக்கறேன்."

வகுப்பே கைதட்டியது.

"கல்லுல நார் உரிச்சிட்டே! நீ பாஸ்," என்றார் மேடம். பிறகு யோசனையோடு, "ஆனா ஒண்ணு. நாங்க அவருக்குச் சொல்லிக் கொடுத்த கதையில மகனே கிடையாது. ஆடு மாட்டை விட்டுட்டு வரமாட்டேன்னுதான் அவர் அடம் பிடிக்கணும்."

"சொந்தமா சேர்த்திருப்பார் மேடம். நல்ல நடிகர்."

"இருக்கலாம். பயிற்சி ஆரம்பிச்சதிலேருந்து வாராவாரம் வர்றார். யாருக்கு யார் பேசறதுன்னு சீட்டுக் குலுக்கித்தான் போடுவோம். ஒவ்வொரு தடவையும் பேசி முடிச்சிட்டு, 'இன்னும் பசங்க பாக்கி இருக்காங்களாம்மா?'ன்னு கேட்பார். இன்னிக்கு உன் பேர் வந்த சீட்டைப் பிரிச்சதும் அப்படியே கண்ணுல ஒத்திக்கிட்டார். போய் ஒரு வார்த்தை நன்றி சொல்லிட்டு வா."

அவன் துள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்து அறைக் கதவைத் தள்ளினான்.

நாற்காலியில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார் அவனுடைய அப்பா.

அவனுக்கு அப்பாவின் முட்டி வலி தெரியாது. கண் ஆபரேஷன் தெரியாது. அப்பாவிடம் ஒருநாளும் கேட்காததையெல்லாம் முன்பின் தெரியாத ஒருவரிடம், அதுவும் மார்க்குக்காகக் கேட்டிருக்கிறான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அப்பா..."

அவர் பதறிப்போய் எழுந்தார். "பாஸ் ஆயிட்டியாப்பா? என்னால உனக்கு ஒண்ணும் இடைஞ்சல் இல்லையே?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

அப்பா அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"ரொம்ப நல்லாப் பேசினே. ஆனா அந்தப் பையனை அவ்வளவு திட்டியிருக்க வேண்டாம்ப்பா. அவன் நல்லவன்."