தோற்கத் தெரியாத படகு

“கயித்தை இழுக்காதே அம்மிணி, விடு. விட்டாத்தான் வேகம் குறையும்.”

கணேஷ்குமார் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். சுமதி பதறிப்போய் இன்னும் பலமாக இழுத்தாள். தொளதொளவென்று கிடந்த பாய் விறைத்துக்கொள்ள, படகு ஹுசேன் சாகர் ஏரியில் சீறிக்கொண்டு கிளம்பியது.

“ஏனுங்க, தப்பாப் பண்ணிட்டேனுங்களா? எனக்கு இந்தப் படகு சமாச்சாரமெல்லாம் என்னத்தைத் தெரியும்?”

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. கம்பெனி வைத்த பாய்மரப் படகுப் பந்தயத்தில் படகுக்கு இரண்டு பேர் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எவனும் சிக்காததால் பெண்டாட்டியைக் கூட்டி வந்திருந்தான்.

முன்னால் போவது எம்.டி. ராமசுவாமியின் படகு. மாரெட்பள்ளியில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். ஹைடெக் சிட்டியில் முந்நூறு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறார். நல்ல மனிதர்தான். தோற்பது மட்டும் அவருக்கு ஆகாது. போன வருஷம் கேரம் போர்டில் அவரை ஜெயித்த உமாசங்கர், இன்றுவரை ஒரு ப்ராஜெக்ட்டுக்கு ஆவணம் எழுதிக்கொண்டிருக்கிறான். அந்த ப்ராஜெக்ட் முடிந்தே மூன்று வருஷம் ஆகிறது.

திங்கட்கிழமை நியூஜெர்சிக்குப் போகும் ஆளை அவர் அறிவிக்கப் போகிறார். பட்டியலில் இரண்டே பேர்தான்: கணேஷ்குமார், ராஜீவ். ராஜீவ் கெட்டிக்காரன். தண்ணீர் என்றாலே பயம் என்று சொல்லிவிட்டு, கரையில் எம்.டி.யின் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நீந்தத் தெரியும் என்று வாயை விட்ட கணேஷ்குமார்தான் மாட்டிக்கொண்டான்.

ஆகவே தோற்றே தீர வேண்டும். “பாஸ் முன்னால, நாம பின்னால” என்று சுமதிக்கு மூன்று முறை பாடம் எடுத்திருந்தான். அவளும் தலையை ஆட்டியிருந்தாள்.

ஆனால் இந்தப் படகுக்கு யார் பாடம் எடுப்பது? கிளப்பிலேயே மகா மந்தமான படகு இதுதான் என்று கேட்டு வாங்கியிருந்தான். கவிழாமல் இருக்க அடியில் கனத்த இரும்பு வேறு. அது இன்றைக்கென்று பார்த்து, கடைசி பஸ்ஸைப் பிடிக்கிறவன் மாதிரி ஓடியது.

ஏரி நடுவே புத்தர் சிலையைச் சுற்றித் திரும்பும்போது இரண்டு படகும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டன.

“அரே கணேஷ், நல்லாத்தான் ஓட்டறே” என்று ராமசுவாமி சிரித்தார். “பாத்துப்பா, என்னைத் தாண்டிடப் போறே.”

கணேஷ்குமார் அவசரமாகச் சுற்றுமுற்றும் பார்த்தான். தண்ணீர் இறைக்க வைத்திருந்த வாளியைக் கயிற்றில் கட்டி, படகுக்குப் பின்னால் போட்டான். படகு திணறியது. அப்பாடா என்று அவன் மூச்சு விடுவதற்குள் சுமதி கை கழுவுகிறேன் என்று குனிந்தாள். முடிச்சு அவிழ்ந்து வாளி போய்விட்டது.

“அது கையில பட்டதுக்கே அவுந்துக்கிச்சுங்க” என்றாள் பாவமாக.

வேறு வழியில்லை. படகைக் காற்றுக்கு நேர் எதிரே திருப்பினான். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது, படகு நின்றது. மற்ற மூன்று படகுகளும் அவனைத் தாண்டிப் போயின. அவன் சுமதி கொண்டுவந்திருந்த அரிசிம்பருப்புச் சோற்றைத் தின்றபடி புத்தரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாழ்க்கையிலேயே இவ்வளவு நிம்மதியாக ஒரு வேளை சாப்பிட்டதில்லை.

ராமசுவாமி முதலில் கரையைத் தொட்டார். ராஜீவ் கையில் இருந்த ஷூ இரண்டையும் ஒன்றோடொன்று அடித்துக் கைதட்டல் கொடுத்தான். எட்டு நிமிஷம் கழித்துக் கணேஷ்குமார் கடைசியாக வந்து, எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தான்.

பந்தயத்தை நடத்தும் படகு கிளப்பின் ஜேம்ஸ், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், மைக்கைப் பிடித்தார்.

“இது ஹேண்டிகேப் ரேஸ். மந்தமான படகுக்கு நேரத்துல சலுகை உண்டு. கணேஷ்குமார் படகு ரொம்பப் பழசு, அதுக்கு ஆறு நிமிஷம். புது ஆளுங்கறதால இன்னும் நாலு. பத்து நிமிஷம் கழிச்சா எம்.டி.யைவிட ரெண்டு நிமிஷம் முன்னால வர்றார். மத்தவங்களுக்குச் சலுகை இல்லை. கோப்பை கணேஷ்குமாருக்கு.”

பந்தய விதிகள் அச்சடித்த தாளை இரண்டு நாள் முன்பே கொடுத்திருந்தார்கள். தோற்கப் போகிறவனுக்கு விதி எதற்கு என்று அவன் அதைப் பிரித்தே பார்க்கவில்லை. இப்போது கூட்டத்துக்குப் பின்னால் ஒளிய இடம் தேடினான். ராமசுவாமி நேராக அவனிடம்தான் வந்தார்.

“சார், சத்தியமா நான் ஜெயிக்கணும்னு ஓட்டலை சார்.”

அவர் முடிவுத் தாளை மேலும் கீழும் பார்த்தார்.

“எட்டு நிமிஷம் லேட்டா வந்துட்டு, பேப்பர்ல ரெண்டு நிமிஷம் சீக்கிரமா வந்திருக்கே. கிளையன்ட் பக்கத்துல உக்காந்து இதைப் பண்றதுக்குத்தான் இத்தனை வருஷமா ஆள் தேடறேன். நியூஜெர்சிக்கு நீதான். வேற பேச்சு நக்கோ.”

ராஜீவ் கையில் இருந்த ஷூ கீழே விழுந்தது. கணேஷ்குமார் ஆனந்தம் தாங்காமல் திரும்பினான். சுமதி தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள், கண்ணில் பொலபொலவென்று நீர்.

“என்ன அம்மிணி, சந்தோஷத்துல அழுவறயா?”

“அந்த நாலு நிமிஷத்தைக் காலையில ஜேம்ஸ் சார்கிட்டக் கெஞ்சிக் கூத்தாடி வாங்குனதே நாந்தானுங்க, நீங்க ஜெயிச்சுட்டா எம்.டி. சார் உங்களை அனுப்ப மாட்டாருன்னு நெனச்சு” என்று விம்மினாள் சுமதி. “உங்க அக்கா இருக்கற ஊர்ல போயி நான் எப்படிங்க குடித்தனம் பண்ணுவேன்?”