ஈர நெற்றி

வாசலில் நிற்கும் சுகாதாரத் துறைப் பெண் குழந்தையின் நெற்றிக்கு நேரே காய்ச்சல் பார்க்கும் கருவியை நீட்டுகிறாள். தொண்ணூற்றைந்து டிகிரி. தெருவே கொதிக்கும்போது இந்தக் குழந்தை மட்டும் இவ்வளவு குளிர்ச்சியா? இப்போதுதான் ஈரத்துணி போட்டு எடுத்ததுபோல் நெற்றி முடி ஒட்டியிருக்கிறது. காய்ச்சல் இருந்தால் தொற்றுநோய் முகாமுக்கு அனுப்பியாக வேண்டும். அந்தப் பெண் படியில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு வாங்கி, மிடறு மிடறாகக் குடிக்கிறாள். “இன்னும் பத்து வீடு இருக்குன்னீங்களே அக்கா?” என்கிறாள் தாய். “வீடு எங்க ஓடிடப் போகுது தங்கச்சி?” வெயிலில் குழந்தையின் முடி இழை இழையாகக் காய்ந்து பிரிகிறது. கன்னம் சிவக்கிறது. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்த தாயின் குரல் இறங்குகிறது. “முகாமுக்கு நானும் கூட வரலாமா?” “வரலாம்னுதான் சொல்றாங்க.” யார் சொல்கிறார்கள் என்று தாய் கேட்கவில்லை. குழந்தையை இடுப்பில் ஏற்றிப் பிடியை இறுக்கிக்கொள்கிறாள்.