ராபின் ஹெப்டனின் பேட்ஜ்

காலை ஒன்பதே காலுக்கு ராபின் ஹெப்டன் என்ற சட்ட மாணவனிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ரயில் பீட்டர்பரோவில் நின்றுவிட்டதாம். மாணவர்களுக்குச் சட்டக் கம்பெனியைச் சுற்றிக்காட்டும் இன்றைய ஓப்பன் டேவுக்கு வர முடியாதாம். மன்னிப்புக்கு மட்டும் மூன்று பத்தி.

பன்னிரண்டு மணிக்கு பெர்னடெட் வரவேற்பு மேஜையைப் பார்த்தாள். அழைத்தது நாற்பது பேரை. நாற்பது பெயர் பேட்ஜும் காலி. வராத ராபினின் பேட்ஜையும் எவனோ மாட்டிக்கொண்டு உள்ளே போயிருக்கிறான்.

லண்டன் சிட்டியில் பென்ஹாலோ ஸ்ட்ரூட் என்றால் பெரிய கம்பெனிகளுக்கெல்லாம் சட்ட வேலை பார்க்கும் இடம். அங்கே இரண்டு வருடப் பயிற்சிக்கு ஆள் எடுப்பதுதான் பெர்னடெட்டின் உத்தியோகம். போன ஏப்ரல் ஓப்பன் டேவில் மாணவன் மாதிரி வந்த ஒருத்தன் இரண்டு லேப்டாப்போடு நடையைக் கட்டிவிட்டான். முகத்தைக்கூட யாரும் சரியாகப் பார்க்கவில்லை.

"இன்னொரு தடவை இப்படி நடந்துச்சுன்னா, அவன் பின்னாடியே நீங்களும் கிளம்பிடலாம்" என்று மூத்த பார்ட்னர் காரிக் சொல்லியிருந்தார். அவர் சொன்னால் செய்கிற மனுஷர்.

பதினெட்டு வருட சர்வீஸ். ஐம்பத்து மூன்று வயதில் வேறு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டு, 'எங்களை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?' என்ற கேள்விக்குப் பதில் எழுத வேண்டியிருக்கும். அந்தப் பதில்களை ஆயிரக்கணக்கில் படித்தவள் அவள்.

வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமே ஆன செக்யூரிட்டி ஒபெங்கைக் கூட்டிக்கொண்டு சாப்பாட்டு ஹாலுக்கு ஓடினாள்.

"நாப்பது பேர்ல எப்படி மேடம் கண்டுபிடிக்கறது? எல்லாருமே ஒரே மாதிரி கோட்டு போட்டிருக்காங்க" என்றார் ஒபெங்.

"எவன் சாப்பிடறான்னு பாருங்க."

அதுதான் கணக்கு. பயிற்சிக்கு இடம் தேடி வந்த பிள்ளை சாப்பிடாது. தட்டில் ஒரே ஒரு திராட்சையை வைத்துக்கொண்டு பார்ட்னர் பார்ட்னராக நகரும். வாய் நிறைய சாண்ட்விச் இருக்கும்போது பார்ட்னர் ஏதாவது கேட்டுவிட்டால் எதிர்காலமே போச்சு!

ஜன்னலோரம் ஒருத்தன் மட்டும் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மூன்றாவது தட்டு. ஒட்டிய கன்னம், தொளதொளவென்று கோட்டு. நெஞ்சில் 'ராபின் ஹெப்டன்'.

பக்கத்தில் ஒரு பெண் அவனிடம் ஆவலாகக் கேட்டாள். "எந்தெந்த பார்ட்னர்கிட்ட பேசினீங்க?"

"அந்தப் பக்கம் சால்மன் மீன் இன்னும் இருக்குதுங்களா?" என்றான் அவன்.

காரிக் கிளாஸைத் தட்டிவிட்டுப் பேச ஆரம்பித்தார். "எங்க கம்பெனியில வேலையும் முக்கியம், வாழ்க்கையும் முக்கியம். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு எங்க ஆளுங்க எல்லாரும் வீட்டுல இருப்பாங்க."

முப்பத்தொன்பது பேரும் குறித்துக்கொண்டார்கள். ஜன்னலோரத்தானுக்கு மட்டும் புரையேறி, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இருமல் சத்தம் கேட்டு காரிக் திரும்பியதும் சடாரென்று ஒரு பேனருக்குப் பின்னால் பதுங்கினான்.

பெர்னடெட் முடிவு கட்டிவிட்டாள். காரிக்கை இவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. ஏப்ரலில் வந்த அதே திருடன்தான். என்ன தைரியம்!

கைதட்டல் முடிவதற்குள் அவன் நழுவினான். பெர்னடெட்டும் ஒபெங்கும் பின்னாலேயே போனார்கள். யாரிடமும் வழி கேட்கவில்லை. இரண்டு திருப்பம் தாண்டிப் பின்பக்க மாடிப்படிக்கே போய்விட்டான். அங்கே ஒரு கதவு இருப்பதே வெளியாட்களுக்குத் தெரியாது. சட்டைப் பையிலிருந்து ஊழியர் பாஸ் ஒன்றை எடுத்துக் கதவுப் பூட்டில் காட்டினான். பச்சை விளக்கு எரிந்தது.

"அப்படியே நில்லுடா!"

ஒபெங் அவன் தோளைப் பிடித்துத் திருப்பினார். பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மேடம், உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன், காரிக் சார்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"பாக்கெட்ல இருக்கறதை எல்லாம் வெளியில எடு."

நாப்கினில் சுற்றிய நான்கு சாண்ட்விச். நசுங்கிய எலுமிச்சை கேக் இரண்டு. லேப்டாப்பும் இல்லை, ஒரு பேப்பரும் இல்லை.

"இதுக்காடா இத்தனை பில்டப்பு?" என்று ஒபெங்கே நொந்துகொண்டார்.

பெர்னடெட் விடுவதாக இல்லை. "நிஜமான ஹெப்டன் பீட்டர்பரோல உக்காந்திருக்கான். அவன் பேட்ஜை எதுக்கு மாட்டினே?"

"என் பேர்ல வந்தா சாப்பிட விடமாட்டாங்க மேடம்."

"சாப்பாட்டுக்கு வந்தவனுக்கு மாடிப்படியில என்ன வேலை? மேல போய் எதைத் தூக்கலாம்னு பாத்தே?"

அவன் மேலே போகும் படிகளையே பார்த்தான்.

"ஒபெங், போலீஸுக்கு போன் போடுங்க. நீ அந்த பாஸைக் குடு. எந்த அப்பாவிகிட்ட அடிச்சே அதை?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு நீட்டினான். பெர்னடெட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

போன வருடம் ஆயிரத்து நூறு விண்ணப்பங்களை அலசி அவளே பொறுக்கியெடுத்து, காரிக்கிடம் பயிற்சிக்கென்று ஐந்தாம் மாடிக்கு அனுப்பிவைத்த பையன், அந்தப் படத்தில் பத்து கிலோ கூடுதலாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.