ஆள் எடை

பிள்ளையார்பாளையத்து மெக்கானிக் பாசில், என் காரின் இடது முன்சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மைப் புதிதாக மாட்டி ஜாக்கியை இறக்குகிறார். மூன்று மணிக்கு என் மனைவி சங்கரிக்கு வேலூரில் கீமோ. மப்பு வெளிச்சத்தில் எண்ணெய்க் கறைகூட மங்கிக் கிடக்கிறது. "ஆள் எடையோட வண்டி நிக்கும்போதுதான் போல்ட்ட முறுக்கணும். இல்லாங்காட்டி ஆர்ம்ல இருக்குற ரப்பர் புஷ் கிழிஞ்சிடும். ரெண்டு பேரும் குந்துங்கண்ணே." நான் உட்கார்ந்ததும் வண்டி முனகிக்கொண்டு தாழ்கிறது. "என் தொப்பையே போதும்பா" என்கிறேன். தலைத்துணியைச் சரிசெய்தபடி சங்கரி இடப்பக்கம் ஏறுகிறாள். வண்டி துளியும் தாழவில்லை. பாசில் சக்கரத்தருகே குனிந்து காத்திருக்கிறார். "ஏறிட்டேன் தம்பி" என்கிறாள். "தெரியுது அண்ணி" என்கிறார். பிறகு டூல்பாக்ஸைத் தூக்கி, பானட்டின் இடது ஓரத்தில் துணி விரித்து வைத்துவிட்டு, ஸ்பேனரோடு அடியில் நுழைகிறார். கண்ணாடிக்கு முன்னால் அந்தப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் மழை வருமா என்று பேசிக்கொள்கிறோம்.